மினுக்கிய பலகை

எனக்கு அரைகுறை வேலை பிடிக்காது. திருகோணமலையில் அரைகுறை வேலைக்குப் பஞ்சமில்லை என்பதால் எனக்கு எந்த நேரமும் கோபந்தான். உள்துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஃபைபர் படகுகள் திருத்தும் பட்டறை வைத்திருக்கிறேன். வெடிப்பு விழுந்த படகைக் கொண்டு வருவார்கள். முதலில் திருத்தினவன் சேறு பூசுவதுபோல ரெசினைப் பூசி அனுப்பியிருப்பான். அதையெல்லாம் உரசித் தள்ளிவிட்டு, தடவினால் கை வழுக்கும்படி முடித்துக் கொடுப்பேன். இராகுலன் முடித்த படகில் ஈகூட நிற்காது என்று சாம்பல்தீவில் படகு வைத்திருக்கும் சம்மாட்டிமார் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் நான் நம்புவது அது ஒன்றைத்தான்.

ஒருநாள் என் மனைவி பூரணி ஒரு சில்லுப் பலகையை, அதுதான் ஸ்கேட்போர்டை, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். அவள் உப்புவெளியில் முனாப் முதலாளியின் விடுதியில் வேலை செய்கிறாள். யாரோ வெள்ளைக்காரி அறையில் விட்டுப் போனதாம்.

"இதுல ஏறி நிண்டு துள்ளிக் காட்ட வேணுமாம்," என்றாள். "முதலாளி பின்வளவில சீமெந்துத் தளம் போட்டிருக்கிறார். வாற ஆக்களின்ர பிள்ளைகளுக்குப் பழக்க ஒரு ஆள் வேணுமாம். நான் கேட்டனான்."

"நீயா? சைக்கிள்ல பிரேக் பிடிக்கவே கண்ணை மூடுற நீயா?"

"ஒரு மாசம் தந்திருக்கிறார். பழகாட்டி அறுகம்பேயில இருந்து ஒராளை எடுப்பாராம். இஞ்சேருங்கோ, ஏழு வருஷமா கட்டில் விரிப்பு மாத்துறன். இனி என்னால ஏலாது."

கடைசி வசனத்தை அவள் சிரிக்காமல் சொன்னாள். அதனால் நானும் மேலே கிண்டல் செய்யாமல் பலகையை வாங்கிப் பார்த்தேன். மேல்பக்கம் முழுக்கக் கறுத்த சாண்ட் பேப்பரை ஒட்டி வைத்திருந்தார்கள். பாதி கிழிந்து தொங்கியது. எவனோ பலகையை உரசத் தொடங்கி, பஞ்சியில் பேப்பரை அதிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தேன். இந்த உலகத்தில் வேலையை முடிக்கிற ஆள் நான் ஒருவன்தானா?

அடுத்த நாளே பேப்பரை உரித்து எறிந்தேன். மரத்தை உரசி, படகுக்கு அடிக்கும் நீல ஜெல்கோட் பூச்சை மூன்று தடவை அடித்து, புதுப் படகுக்குச் செய்வதுபோல மினுக்கினேன். குனிந்து பார்த்தால் முகம் தெரிந்தது. பூரணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புது வாகனம் என்று நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசித்தாள்.

பிறகு தொடங்கியது கூத்து. காலையில் வேலைக்குப் போகமுன் என் பட்டறை முற்றத்தில் பழகுவாள். அந்தத் துள்ளலுக்கு ஓலி என்று பெயராம். பின்காலால் பலகையின் வால்பக்கத்தை உதைத்து, துள்ளி, முன்காலைத் தேய்த்து மேலே இழுத்தால் பலகையும் கூடவே எழும்ப வேண்டும். பூரணி எழும்பினாள். பலகை எழும்பவில்லை. அவள் இறங்கும்போது அது ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு ஓடும். அவள் மறுபக்கம் விழுவாள். ஒவ்வொரு நாளும் இதுதான்.

நான் கதிரையில் இருந்து தேநீர் குடித்தபடி அவளுக்கு ஞானம் வழங்கினேன். முழங்காலை மடி என்றேன். பயப்படாதே என்றேன். என் வாழ்நாளில் அந்தப் பலகையில் ஒரு காலைக்கூட நான் வைத்ததில்லை. ஆனால் ஃபோனில் மூன்று வீடியோ பார்த்திருந்தேன். இந்த ஊரில் கதைப்பதற்கு அது போதும்.

"காலைத் தேய்ச்சு இழுக்கச் சொல்றாங்கள். எனக்கு வழுக்குதெல்லோ," என்றாள் ஒருநாள், முழங்கையில் வழிந்த இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு. "வீடியோவில வாற இந்தப் பெட்டையின்ர பலகையைப் பாருங்கோவன். மேல கறுப்பா இருக்கு."

"அவங்களுக்கு மினுக்கத் தெரியாது. வழுக்குதெண்டால் உன்ர கால்லதான் பிழை. பலகையில பிழை இல்லை. அது நான் செய்தது."

அவள் பிறகு கேட்கவில்லை. தன் காலைத் தானே ஏசிக்கொண்டு பழகினாள். மாரியம்மன் வந்தாலும் உனக்குக் கால் வராது என்றுகூடச் சொன்னேன்.

விடுதியில் அவள் துள்ளிக் காட்ட வேண்டிய நாளும் வந்தது. முனாப் முதலாளி பிளாஸ்டிக் கதிரையில் குந்தியிருந்தார். அறுகம்பேயில் இருந்து சஜீத் என்ற இளைஞனும் பலகையோடு வந்து நின்றான். காதில் தோடு, காலில் கிழிந்த சப்பாத்து. எனக்குப் பார்த்த உடனேயே பிடிக்கவில்லை.

"மூணு தரம் பாருங்க, பூரணி," என்றார் முதலாளி. "ஒண்டு சரிவந்தாப் போதும்."

முதல் தரம் விழுந்தாள். இரண்டாம் தரமும் விழுந்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. அதைக் காட்டாமல், பக்கத்தில் கிடந்த சஜீத்தின் பலகையைக் கையில் எடுத்தேன். அதிலும் சாண்ட் பேப்பர்.

"இதென்ன தம்பி, இவ்வளவு காலமும் பாவிக்கிறாய், இன்னும் உரசி முடிக்கேல்லையா?" என்று நக்கலாகக் கேட்டேன்.

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "அது உரசுறதுக்கு இல்ல அண்ணன். அந்தச் சொரசொரப்பு இருந்தாத்தான் சப்பாத்துப் பிடிக்கும். இல்லாட்டி எவனாலயும் பலகையத் தூக்க ஏலாது."

நான் உரித்து எறிந்த பேப்பர் நினைவுக்கு வந்தது. பூரணி மூன்றாம் தரத்துக்குக் காலை வைத்துவிட்டாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் அவள் விழுவாள். பிழை அவள் காலிலேயே கிடக்கும். ஒருவருக்கும் தெரியாது. ஒரு கணம் அப்படியே இருந்துவிடத்தான் நினைத்தேன். வெட்கக்கேடுதான், ஆனாலும் நினைத்தேன்.

"நில்லு!" என்று கத்தினேன். "பூரணி, நில்லு. அதில ஏலாது. நான்தான் பேப்பரை உரிச்சனான். பலகையிலதான் பிழை."

முதலாளி அவள் பலகையைத் தடவிப் பார்த்தார். கை வழுக்கிக்கொண்டு போனது. "அல்லாஹ்வே! இவர் இதக் கடல்ல இறக்கப் பாத்திருக்கிறார்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சஜீத்தும் சிரித்தான். நாளைக்குத் துறைமுகம் முழுக்கச் சிரிக்கும் என்பது எனக்குத் தெரியும்.

பூரணி மட்டும் சிரிக்கவில்லை. சஜீத்திடம் கையை நீட்டி அவனுடைய பலகையை வாங்கினாள். ஏறி நின்றாள். ஒரு தரம் முன்காலைத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு வாலை உதைத்தாள்.

பலகை அவள் காலோடு ஒட்டிக்கொண்டு எழும்பியது. முழங்கால் உயரத்துக்கு எழும்பியது. வழுக்குகிற பலகையில் ஒரு மாதம் துள்ளின கால் அல்லவா. நாலு சில்லும் ஒன்றாகத் தரையில் விழுந்த சத்தம் எனக்கு நெஞ்சில் கேட்டது. சஜீத் வாயைப் பிளந்தான். "திங்கக்கிழமை வாங்க," என்றார் முதலாளி.

திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளில் எனக்குப் பின்னால் பலகையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பட்டறை வாசலில் இறங்கி நீலப் பலகையை என் கையில் தந்தாள்.

"உங்கட கதையைக் கேட்டு," என்றாள், "ஒரு மாசமா என்ர காலைத்தான் நான் வெறுத்தனான்."

அவள் உள்ளே போய்விட்டாள். நான் முற்றத்தில் இருந்து, முகம் தெரிகிற அந்த ஜெல்கோட்டை உரசத் தொடங்கினேன்.