மூடியிலும் விளக்குள்ள ஸ்கேனர்

மருந்துக்கடைக்காரிக்கு முகவாதம் வந்து போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. முழுசாகத் தேறிவிட்டது என்று மருத்துவர் சொன்னார், கணவனும் சொன்னான். அவள் நம்பினால்தானே. சிரித்தால் வாய் இடது பக்கம் இழுக்கிறது, முன்பெல்லாம் நேராக இருந்தது என்று ஒரே பிடிவாதம். கடையில் யாராவது வேடிக்கையாகப் பேசினால் சட்டென்று மருந்துச் சீட்டால் வாயை மறைத்துக்கொள்வாள்.

பழைய சிரிப்புக்கு ஒரே ஒரு சாட்சி இருந்தது. கேமராவைக் கண்டால் உம்மென்று ஆகிவிடுகிறவளை, நோய்க்கு முந்தின வாரம் கடை வாசலில் எப்படியோ சிரிக்க வைத்து, தன் பெரிய மரக் கேமராவில் கணவன் எடுத்த படம். அவனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை, படம் பிடிக்கிற பைத்தியம். உள்ளங்கை அகல நெகட்டிவ் அது. அந்த அளவில் பிரிண்ட் போட்டுத் தர ஊரில் கடையில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மொபைலில் எடுத்துப் பார்த்தாள். வாய் இருக்கவேண்டிய இடத்தில் ஏதோ திட்டாகத் தெரிந்தது.

ஸ்கேனர் வாங்கிவிடுவது என்று முடிவானது. இணையத்தில் புதியதன் விலையைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிட்டார்கள். காகிதம் நகலெடுக்கும் சாதாரண ஸ்கேனர் மலிவுதான். ஆனால் அதில் விளக்கு கீழே மட்டும். நெகட்டிவை வைத்தால் வெறும் கறுப்புதான் வரும். மூடியிலும் விளக்கு வேண்டும். அப்படி ஒன்று பழையதாக விற்பனைக்கு வந்திருக்கிறது என்று கட்டட வரைபடம் போடும் அலுவலகம் ஒன்றுக்குப் போனார்கள். மூடியைத் திறந்தால் விளக்கு இரண்டு விரல் அகலம்தான், நெகட்டிவில் பாதிக்குத்தான் வரும்.

"பரவாயில்ல, இதையே வாங்குங்க. பாதி பாதியா எடுத்து ஒட்டிக்கலாம்," என்றாள்.

"ஒட்டுற கோடு உன் மூஞ்சி நடுவுல வரும். உன் வாயில நான் தையல் போடமாட்டேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. வந்து என்ன செய்ய? மூன்று ஞாயிற்றுக்கிழமை நாயாக அலைந்து, கீல் உடைந்த ஒன்றைப் பேரம் பேசி வாங்கினார்கள். அதில் மூடி முழுக்க விளக்கு. லிஃப்டையே தூக்கி நிறுத்துகிறவனுக்குக் கீல் எம்மாத்திரம்?

திரையில் படம் மேலிருந்து இறங்கி வந்தது. முடி, நெற்றி, கண், சிரிப்பு. சிரிப்பு வலது பக்கமாகக் கோணியிருந்தது.

"பாத்தீங்களா," என்றாள். "கோணல்தான், ஆனா இந்தப் பக்கம். நோய்தான் எல்லாத்தையும் மாத்திப் போட்டிருக்கு."

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்குப் பின்னால் கடைப் பலகையின் எழுத்துகள் தலைகீழாக இல்லை, ஆனால் வலமிருந்து இடமாக ஓடின.

"அவசரத்துல ஃபிலிமைத் திருப்பி வெச்சுட்டேன், இரு."

மறுபடி வந்தது. இப்போது பலகை படிக்கும்படி இருந்தது. சிரிப்பு இடது பக்கம் இழுத்துக்கொண்டு, கடையில் மருந்துச் சீட்டால் மறைக்கிற அதே சிரிப்பு, உதட்டோரத்து மடிப்பு உட்பட.

"தெரிஞ்சிருந்தும் சொல்லலையே நீங்க."

"உன் சிரிப்பு எப்பவும் இப்படித்தான்னு எத்தனை தடவை சொன்னேன். சமாதானத்துக்குச் சொல்றேன்னு நெனச்சே. ஒட்டிக் காட்டியிருந்தா, ஒட்டுனதுதான் கோணல்னு சொல்லியிருப்பே."

சொல்லித்தான் இருப்பாள். இரண்டு வருடமாக எது போய்விட்டதென்று அழுதாளோ அது தன்னிடமே இருந்திருக்கிறது என்பதில் அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, தாங்கமுடியாத சந்தோஷமாகவும் இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவனை ஒட்டி உட்கார்ந்தாள்.

"நல்லாத்தான் இருந்திருக்கேன்," என்றாள்.

"இருக்கே," என்றான் அவன்.