மஞ்சள் இயர்மஃப்

மனிதன் காதோடு பிறக்கத் தொடங்கிய நாள் முதல் அந்தக் காதுக்கு எவரும் மரியாதை செய்ததில்லை என்றும், அந்த மாபெரும் வரலாற்றுக் குறையைத் தீர்க்க, மண்ணரையில் முதலாளி தங்கதுரையின் பனியன் கம்பெனி வாசலில் வருகிற வெள்ளிக்கிழமை பந்தல் எழும்புகிறது என்றும் சகல தொழிலாளர்களுக்கும் அறிவிக்கப்பட்டது. ‘இளைஞர் செவி காப்புப் பெருவிழா’ என்று நாற்பதடி பேனர். அதில் முதலாளியின் முகம் இருபதடி, காதின் படம் ஒரு அடி.

இளவட்டங்களுக்கு வினாடி வினா உண்டு. முதல் பரிசு, இரண்டு காதையும் கவ்வி மூடுகிற மஞ்சள் இயர்மஃப்.

பத்தொன்பது வயது தமிழ்மதிக்கு அது வேண்டும். வேண்டும் என்றால் வேண்டியே தீர வேண்டும். துணி பின்னும் நிட்டிங் மெஷின் பக்கத்தில் எட்டு மாதம் நின்றதில், ஷிப்ட் முடிந்து ஊருக்குப் போன பிறகும் காதுக்குள் ஒரு விசில் ஓயாமல் ஊதிக்கொண்டிருந்தது. கம்பெனியில் காது அடைப்பான் இல்லாமல் இல்லை. பனியனை மொத்தமாக வாங்குகிற வெளிநாட்டு பையர், கம்பெனியைச் சோதிக்கும் ஆடிட்டுக்கு வரும் நாளில் ஸ்டோர் பூபாலன் ஆளுக்கொரு ஜோடி கொடுப்பார். பையரின் கார் கேட்டைத் தாண்டியதும் துணிப்பையோடு வந்து திரும்ப வாங்கிக்கொள்வார். யார் காதில் இருந்தது யார் காதுக்குப் போகும் என்பது அடுத்த ஆடிட்டில் தெரியும்.

பரிசு என்றால் அப்படிப் பிடுங்க முடியாதே! விழாவுக்காகக் கம்பெனி அழைத்திருந்த காது டாக்டர் பிரிசில்லா கொடுத்த கையேட்டைத் தமிழ்மதி ஒரே வாரத்தில் கரைத்துக் குடித்தாள்.

வெள்ளிக்கிழமை பையரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மேடையின் இரு பக்கமும் எட்டு ஸ்பீக்கர் பெட்டிகள். இறுதிச் சுற்றில் மிஞ்சியது இரண்டே பேர்: தமிழ்மதியும், உசிலம்பட்டியிலிருந்து வந்து தையல் லைனில் சேர்ந்திருந்த மாதவனும்.

“காது அடைச்சுட்டா என்ன பண்ணோணும்?” முதலாளி மைக்கை விழுங்குகிற மாதிரி பிடித்துக்கொண்டு கேட்டார். பந்தல் துணி அதிர்ந்தது.

மாதவன் முந்தினான். “மெஷினுக்கு ஊத்துற எண்ணெய ரெண்டு சொட்டு விட்டா சரியாப் போகும்ங்க. எங்க லைன்ல அம்புட்டுப் பேரும் அதத்தேன் செய்றோம்!”

லைன் மொத்தமும் விசிலடித்தது. பிரிசில்லா தலையில் கைவைத்துக்கொண்டார்.

“எண்ணெய், ஹேர்பின், பட்ஸு, எதுவும் உள்ள போகக் கூடாதுங்க. டாக்டர்கிட்டக் காட்டோணுமுங்க,” என்றாள் தமிழ்மதி. அதுவரை ஒரு புள்ளி பின்தங்கியிருந்தவள் இப்போது மாதவனோடு சமம்.

கடைசிக் கேள்வி. “நம்ம கம்பெனியில காதுக்கு ஆகாத சத்தம் எங்க இருக்குது?”

மேடைக்குப் பின்னாலிருந்து பூபாலன், ‘எங்கயும் இல்லை’ என்று இரு கையையும் விரித்துக் காட்டினார்.

“எங்கயுமே இல்லீங்க!” என்று கத்தினான் மாதவன். முதலாளியின் முகம் பேனர் அளவுக்கு மலர்ந்தது.

தமிழ்மதி கைப்பேசியில் சத்தம் அளக்கும் ஆப்பைத் திறந்தாள்.

“நிட்டிங் ஷெட்டுல நேத்து அளந்தப்ப தொண்ணூத்தி நாலு டெசிபலுங்க. எட்டு மணி நேரத்துக்கு எண்பத்தஞ்சத் தாண்டக் கூடாதுங்க. ஆனா…”

“ஆனா என்ன கண்ணு?”

“இப்ப இந்த மேடையில நூத்தி ஆறுங்க. உங்க மைக்குத்தானுங்க மொதல் எடம்!”

முதலாளி மைக்கை வாயிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். பிறகு பிரிசில்லா எழுந்து, “ரொம்பச் சரி!” என்று கை தட்டினார். விஷயம் மொழிபெயர்க்கப்பட்டதும் பையரும் எழுந்து தட்டினார். பையர் தட்டியதைப் பார்த்து முதலாளி எல்லாரையும்விட பலமாகத் தட்டினார். பந்தலே துள்ளியது.

“ஏ புள்ள, மொதலாளியவே தூக்கிட்டியே!” என்று மாதவன் அவள் முதுகில் அறைந்தான்.

ஸ்பீக்கர்கள் அணைந்தன. முதலாளியே இயர்மஃபை அவள் தலையில் மாட்டினார். தமிழ்மதி மாட்டியபடியே ஷெட்டுக்குள் ஓடி, ஓடிக்கொண்டிருந்த இருபது மெஷின்களுக்கு நடுவே நின்றாள். அத்தனை இரைச்சலும் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது! சிரிப்பை அடக்க முடியவில்லை. பின்னாலேயே வந்த பையர் அவளோடு நான்கு படம் எடுத்துக்கொண்டு போய்க் காரில் ஏறினார்.

கார் கேட்டைத் தாண்டியது. யாரோ தோளைத் தொட்டார்கள். தமிழ்மதி ஒரு காதை மட்டும் விலக்கித் திரும்பினாள். பூபாலன்.

“அதக் கழட்டிக் குடு கண்ணு.”

“அண்ணா, இது பரிசுங்க!”

“பரிசுதான், ஆரு இல்லைன்னா? அதான் போட்டோவுல இருக்குதல்ல.”

துணிப்பையை விரித்துப் பிடித்தார். அடுத்த ஆடிட் மார்ச் மாதம்.