விளக்கு அணைவதற்காக

1

இந்தக் கதை செண்பகத்தோப்பு டீக்கடையில் கிடைத்தது. நான் தேடிப் போனது வேறு கதை. “மலை மேல ரோடு இல்லாத ஊர் ஒண்ணு இருக்காமே, போயிட்டு வாங்க. கண்ணீர் கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்” என்று வாரப் பத்திரிகை ஆசிரியர் அனுப்பியிருந்தார். ஊருக்கு ஈச்சம்பாறை என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காட்டில் அணிலுக்குச் சரணாலயம் உண்டு. ஈச்சம்பாறைக்கு ரோடு கிடையாது. ஒற்றையடிப் பாதையில் அரை நாள் ஏற வேண்டும். என் முட்டி சம்மதிக்கவில்லை.

டீக்கடையில் சாம்சன் இருந்தான். சோழபுரத்துக்காரன். சோலார் விளக்கு மாட்டுவதும் பழுது பார்ப்பதும் வேலை.

“ஒரு அக்கா எங்கிட்ட, லைட்ட அணைக்க முடியுமான்னு கேட்டாக சார்” என்றான். “எரியலன்னு வாங்காத ஏச்சு இல்ல. எரியுதேன்னு இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்ல.”

நான் அடுத்த டீக்குச் சொன்னேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மேகங்கள் தவழ்ந்து விளையாடும் மலை முகட்டில், இயற்கை அன்னையின் மடியில்...

காலண்டர் படத்துக்கு அடியில் போட வேண்டிய வரி. அடித்துவிட்டேன். பிறகு:

டோலியில் தூக்கி வரும்போதே அவள் மூச்சு...

இதுவும் வேண்டாம். (ஈச்சம்பாறையில் டோலி கட்டித் தூக்காத வீடு இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஆசிரியர் கேட்டார் என்பதற்காக நான் ஒருத்தியைச் சாகடிக்க முடியாது.)

மூன்றாவது வரி தானாக வந்தது. அதை வைத்துக்கொள்கிறேன்:

யுவராணி வாசலில் உட்கார்ந்து மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

3

அவள் உட்கார்ந்திருப்பது மலையடிவாரத்துக் காலனி வீடு. மகள் பாண்டிசெல்விக்குப் பள்ளிக்கூடம் கீழேதான் இருக்கிறது. ஆகவே தாயும் மகளும் கீழே. புருஷன் கருத்தையா மேலே. அவர்களுக்கு மேலே கொஞ்சம் எலுமிச்சையும் இலவமரமும் உண்டு. பட்டா கேட்டு மனுக் கொடுத்திருக்கிறார்கள். விசாரிக்க வருகிறவர்கள் வரும்போது வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஆள் இல்லாத வீடு என்று எழுதிவிட்டால் போச்சு. பிள்ளை படிக்க ஒருத்தி இறங்க வேண்டும், மண் நிலைக்க ஒருத்தன் தங்க வேண்டும். அரசாங்கம் யாரையும் பிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தைக் கீழேயும் பட்டாவை மேலேயும் வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

வாரம் ஒரு நாள் கருத்தையா சந்தைக்கு எலுமிச்சை கொண்டு வருவான். மத்தியானம் யுவராணி கையால் சாப்பிடுவான், மகள் தலையைத் தடவுவான், அரிசியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறிவிடுவான். மேலே போனுக்கு டவர் கிடையாது. வழியில் யானை உண்டு, கரடி உண்டு. போய்ச் சேர்ந்தானா என்று எப்படித் தெரியும்?

அதற்கு ஈச்சம்பாறைக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஊருக்குள் நுழையும் இடத்தில் மொட்டைப்பாறை என்று ஒரு வளைவு. மற்ற இடமெல்லாம் மரம் மறைக்கும். அது ஒன்றுதான் கீழே இருந்து பார்த்தால் தெரியும். ஏறிப் போகிறவர்கள் பொழுது அடையும் நேரத்துக்கு அங்கே சேருவார்கள். பாறை மேல் ஒரு கை காய்ந்த புல்லைப் போட்டுக் கொளுத்துவார்கள். கீழே காத்திருக்கிற ஆளுக்கு ஒரு சிவப்புப் பொட்டு தெரியும். வந்துவிட்டேன் என்று அர்த்தம்.

கருத்தையா மட்டும் இரண்டு தடவை கொளுத்துவான். இரண்டாவதற்கு என்ன அர்த்தம் என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. யுவராணி அதைப் பார்த்த பிறகுதான் உலை வைப்பாள்.

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான். தொடர்கதை எழுதிப் பழகிய கை. கமிஷன் அடிக்கிற ஒரு காண்டிராக்டரை, தங்கப்பல் வைத்து, தயாராக வைத்திருந்தேன். சாம்சன் கெடுத்துவிட்டான்.

“ஒரே ஒரு லைட்டுதான் வந்திருக்கு, எங்க நடணும்னு அவியகிட்டயே கேட்டேன் சார். அம்புட்டு பேரும் மொட்டைப்பாறைன்னாக. வெயில் விழுகிற இடம் அதான். கரடி நிக்கிற இடமும் அதான். முதல்ல கைதூக்குனது இந்த அக்காதான்.”

ஆமாம், அவளேதான். அரிசி மூட்டையோடு இருட்டில் வருகிற மனுஷன் அந்த வளைவில் கால் இடறக் கூடாது என்று கேட்டாள். விளக்கு வந்தது. அடைமழையிலும் எரிகிற நல்ல விளக்கு.

அந்த வாரம் கருத்தையா ஏறிப் போனான். யுவராணி வாசலில் உட்கார்ந்தாள். இருட்டியதும் மொட்டைப்பாறையில் பளீரென்று வெள்ளை வெளிச்சம். யார் வந்தாலும் எரியும்; யாரும் வராவிட்டாலும் எரியும். அதன் பக்கத்தில் ஒரு கைப் புல் எரிந்தால் எப்படித் தெரியும்? அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். எழுந்து நின்று பார்த்தாள். பாண்டிசெல்வி பசிக்கிறது என்றாள்.

5

அடுத்த வாரம் கருத்தையா வந்து சாப்பிட உட்கார்ந்தான்.

“ரெண்டு தடவ கொளுத்துனேனே, தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது.”

(இங்கே எனக்குச் சந்தேகம். யுவராணி இப்படிப் பொய் சொல்லக்கூடியவளா? சாம்சன் சொன்னது விளக்கை அணைக்கச் சொன்ன வரைக்கும்தான். மற்றது நான் போட்டுக்கொண்டது. ‘தெரியலையே’ என்று சொல்ல வைத்துப் பார்த்தேன். கருத்தையாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. அவளாலும் சொல்ல முடிந்திருக்காது. பொய் இருக்கட்டும்.)

அதற்குப் பிறகு வாரா வாரம் அவன் கொளுத்தினான். வாரா வாரம் அவள் அந்த வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, தெரிந்தது என்றாள். அடுத்த வாரம் அவன் தலை பாதையில் தெரிகிற வரைக்கும் அவள் நெஞ்சு நெஞ்சாக இல்லை.

அப்போதுதான் சாம்சனைப் பிடித்தாள்.

“ஏ தம்பி, அந்த லைட்ட செத்த நேரம் அணைச்சு வைக்க ஏலாதா?”

“அதுக்கு சுவிச்சே கெடையாதுக்கா. இருட்டுனா தானா எரியும், விடிஞ்சா தானா அணையும்.”

“விடிஞ்சது அதுக்கு எப்படித் தெரியும்?”

“மேல இருக்க சோலார் பலகையில வெளிச்சம் பட்டா விடிஞ்சிருச்சுன்னு நெனச்சுக்கிடும். சூரியன்னு இல்ல, கிட்டத்துல நல்ல வெளிச்சமா எத காட்டினாலும் ஏமாந்து போகும். எங்கள மாதிரிதான்.”

யுவராணி சிரிக்கவில்லை. “நெருப்பக் காட்டினா?”

சாம்சன் மண்டையைச் சொறிந்தான். “காட்டிப் பாத்ததில்லக்கா.”

6

இன்றைக்கு வந்த கருத்தையாவுக்குக் காய்ச்சல். சோறு இறங்கவில்லை.

“ஏய்யா, இன்னைக்கு ராத்திரி இங்கனயே கெடந்துட்டு வெள்ளனப் போயேன்.”

“காலையில விசாரணைக்கு ஆளு வாராக. வீடு பூட்டிக் கெடந்தா என்ன எழுதுவாகன்னு தெரியாதா ஒனக்கு?”

அவன் அரிசியைத் தோளில் ஏற்றினான். யுவராணி பாதை தொடங்கும் புளியமரம் வரைக்கும் கூடப் போனாள். அங்கே வைத்துத்தான் சொன்னாள்.

“நீ கொளுத்துறது எனக்குத் தெரியல.”

“எது?”

“லைட்டு வந்ததுல இருந்தே தெரியல. நாந்தான் பொய் சொன்னேன்.”

கருத்தையா மூட்டையை மறுதோளுக்கு மாற்றினான். 

“அப்ப இம்புட்டு நாளும் நான் கரடி பாக்கவா கொளுத்துனேன்?”

“ஒரு மூங்கிக் கம்புல துணியச் சுத்திக் கொளுத்தி, அந்தப் பலகைக்கு நேரா தூக்கிக் காட்டு. விடிஞ்சிருச்சுன்னு லைட்டு அணைஞ்சிரும். பொறவு எரியும். எனக்கு அது போதும்.”

“கரண்டு வெளக்க நெருப்பக் காட்டி ஏமாத்தச் சொல்லுத. ஏட்டி, நீ கீழ வந்து ரொம்பக் கெட்டுப் போயிட்ட.”

சிரித்தான். இருமினான். “ரெண்டு தடவ அணைக்கேன், பாரு” என்று சொல்லிவிட்டு ஏறினான்.

7

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று, விளக்கு அணைகிறது, எரிகிறது, மறுபடி அணைகிறது. யுவராணி உலை வைக்கிறாள். ஆசிரியருக்குப் பிடிக்கும். அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.

இரண்டு, விளக்கு அணையவே இல்லை. விடியும் முன் யுவராணி காலனி ஆண்களோடு ஏறுகிறாள். பாதி வழியில், ஒரு பாறையடியில், அரிசி மூட்டை...

இல்லை. எழுத மாட்டேன்.

மூன்று, மஞ்சு இறங்கி மலையையே மூடிவிடுகிறது. அணைந்ததா மறைந்ததா என்று தெரியவில்லை. இது கெட்டிக்காரத்தனம். அவளிடம் போய் இதைச் சொல்ல எனக்கு முகமில்லை.

மூன்றையும் அடித்தாயிற்று. இப்போது இருப்பது இவ்வளவுதான்: பொழுது அடைந்துவிட்டது. மொட்டைப்பாறையில் விளக்கு எரியத் தொடங்கிவிட்டது. உலையில் தண்ணீர் இருக்கிறது, அடுப்பு மூட்டவில்லை. யுவராணி வாசலில் உட்கார்ந்திருக்கிறாள்.

காய்ச்சல்காரன் கையில் மூங்கில் கம்பு எவ்வளவு நேரம் நிற்கும்? விளக்கு ஏமாந்தாலும் ஒரு நொடிதான் ஏமாறும். அதனால் அவள் கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இமைக்கிற நேரத்தில் அணைந்து எரிந்துவிட்டால்?

கண்ணில் நீர் கோத்துவிட்டது. இதோ, இனி தாங்காது.

நீங்கள் இவ்வளவு தூரம் கூட வந்துவிட்டீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற பஸ்ஸில் வலப்பக்க ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மலை இருட்டில் ஒரே ஒரு வெள்ளைப் பொட்டு, அதுதான்.

அதைச் செத்த நேரம் நீங்கள் பாருங்கள். அவள் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்துகொள்ளட்டும்.