நடக்காத கல்யாணத்தில் அம்மாவின் முதல் வேலை

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமானதில்லை. வெந்நீர் வாளிக்குள் கால்களை வைத்துக்கொண்டு அம்மா சொன்னது. புதுச் செருப்பு இரண்டு குதிகாலையும் கடித்திருந்தது. "இதை எழுதிக்கட்டுமா?" என்று கேட்டேன். "எழுது. ஆனா என்னை அழ வைக்காதே" என்றாள். என் கதைகளில் வரும் அம்மாக்கள் எதற்கெடுத்தாலும் அழுதுவிடுகிறார்கள் என்பது அவளுடைய நெடுநாள் புகார்.

ஆகவே, இந்தக் கதையில் அம்மா அழ மாட்டாள்.

முதல் வரிக்குத் திண்டாடினேன். 'ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு அவள் முதன்முறையாக' என்று தொடங்கி அடித்துவிட்டேன். வயதை முன்னால் நிறுத்தினால் நீங்கள் உடனே 'பாவம்' என்பீர்கள். 'மண்டபத்து வாசலில் பூக்கள்' என்று இன்னொன்று. அதுவும் வேண்டாம். கல்யாணக் கதையில் பூக்கள் எங்கே போய்விடப் போகின்றன.

நேராகவே சொல்கிறேன். கல்யாணங்களையும் விழாக்களையும் ஏற்பாடு செய்துதரும் ஒரு நிறுவனத்தில் என் அம்மா இன்டர்னாக, அதாவது பயிற்சி ஊழியராக, சேர்ந்தாள்.

2

எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷமானாலும் யாரை எங்கே உட்கார வைப்பது என்று அம்மாவைத்தான் கேட்பார்கள். முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேரை, ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் உட்கார வைத்து, இருவரையும் வயிறார அனுப்பிவைப்பாள். அதையே வேலையாகச் செய்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

"இன்டர்ன்னா டாக்டருக்குப் படிக்கிறவங்கதானே?" என்று சித்தி போனில் கேட்டாள். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "எத்தனை நாள் தாங்குதுன்னு பார்ப்போம்" என்றார்.

(அப்பாவைத் தப்பாக நினைக்க வேண்டாம். முதல் நாள் காலை அவளைப் பஸ் ஏற்றிவிட்டு, அந்தப் பஸ் திருப்பத்தில் மறையும் வரை நின்றவரும் அவர்தான்.)

நிறுவனத்தின் முதலாளி என்னைவிடச் சின்னப் பெண். அம்மா அவளை மேடம் என்றாள்.

"ஐயோ ஆன்ட்டி, மேடம்லாம் எதுக்கு?"

"அப்போ நீங்களும் ஆன்ட்டின்னு கூப்பிடாதீங்க, மேடம்."

இருவரும் சிரித்துக்கொண்டார்கள். இருவருமே மாற்றிக்கொள்ளவில்லை.

3

சேர்ந்த அன்றே ஒரு கல்யாணம். நாற்காலிகளின் முதுகில் வெள்ளை ரிப்பன் கட்டுவது அம்மாவின் வேலை. பாதி வரிசை முடிவதற்குள் முதலாளியின் போன் அடித்தது. கேட்டுக்கொண்டே அவள் மேடையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

கல்யாணம் நின்றுவிட்டது. பெண்ணின் அப்பா பேசியிருக்கிறார். போனில் கிடைத்தவர்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று. மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். வாசலில் ஒருவர் நின்று, வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

"பொண்ணுக்கு உடம்பு சரியில்ல, கல்யாணம் தள்ளிப் போயிருக்கு. இவ்வளவுதான் சொல்லணும்னு அவர் கண்டிப்பா சொல்லிட்டார்" என்றாள் முதலாளி. வேலைக்கு வந்திருந்த அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். "ஆன்ட்டி, நீங்க நிக்கிறீங்களா? உங்க முகத்தைப் பார்த்தா யாருக்கும் சத்தம் போட மனசு வராது."

(முதலாளியைக் கொஞ்சம் கல்நெஞ்சக்காரியாக்கினால் கதை சூடுபிடிக்கும் என்று ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தப் பொண்ணு போனைத் தலைகீழாப் பிடிச்சிட்டிருந்துச்சு. அதை எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.)

4

விருந்தாளிகள் பரிசுப் பொட்டலங்களோடு வந்து இறங்கினார்கள். முதலாளி சொல்லிக்கொடுத்த வாக்கியத்தை அம்மா சொன்னாள். 'அடடா' என்றார்கள். ஒருவர் மட்டும், "வந்தது வந்துட்டோம், சாப்பாடாவது உண்டா?" என்று கேட்டார்.

அப்புறம் ஒரு வாடகைக் காரிலிருந்து ஒரு பெண் தனியாக இறங்கினாள். வீட்டில் போடும் கசங்கிய உடை, அள்ளி முடிந்த தலை.

"மன்னிக்கணும் கண்ணு, பொண்ணுக்கு உடம்பு சரியில்ல" என்று அம்மா ஆரம்பித்தாள்.

"எனக்கு உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு ஆன்ட்டி. நான்தான் பொண்ணு."

5

"நான்தான் வேண்டாம்னேன்" என்றாள் அந்தப் பெண். "அவர் நல்லவர்தான். எனக்குத்தான் மனசு வரல. முன்னாடியே சொல்லியிருக்கணும், தைரியம் வரல. இப்ப எனக்காக நீங்க பொய் சொல்லிட்டு வெயில்ல நிக்கிறீங்க. விடுங்க, நானே சொல்றேன்."

இந்த இடத்தில் அம்மா தன் கல்யாணத்தை நினைத்துக்கொள்வதாக நீளமாக எழுதியிருந்தேன். நல்ல பத்தி. படித்துவிட்டு அம்மா, "எனக்கு அப்படி எதுவும் ஞாபகம் வரல. இவ காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டாளேன்னுதான் தோணுச்சு" என்றாள். எடுத்துவிட்டேன். உங்களுக்கு நஷ்டமில்லை.

அம்மா உள்ளேயிருந்து ஒரு நாற்காலி கொண்டுவந்து நிழலில் போட்டாள். சமையல்கட்டிலிருந்து ரொட்டியும் தண்ணீரும் வாங்கி வந்தாள். "முதல்ல சாப்பிடு. அப்புறம் சொல்லிக்கலாம்."

முதலாளி ஓடிவந்தாள். "ஆன்ட்டி, இவங்க அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்றது? இவங்களை உள்ளே கூட்டிட்டுப் போங்க, ப்ளீஸ்."

"இவளைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு இவளுக்கு உடம்பு சரியில்லன்னு சொல்ல எனக்கு வாய் வராது மேடம். வேற யாரையாவது நிக்க வைங்க. நான் இவகூட இருக்கேன்."

"முதல் நாளே வேலை போனாலும் பரவாயில்லையா?"

"பரவாயில்லன்னு யார் சொன்னா? போனா வருத்தமாத்தான் இருக்கும்."

முதலாளி உள்ளே போனாள். வேறு யாரையும் அனுப்பவில்லை.

அதன் பிறகு அந்தப் பெண்ணே எழுந்து எழுந்து சொன்னாள். "நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேன். உங்களை அலைய வெச்சதுக்கு மன்னிச்சிடுங்க." ஒரு பெரியம்மா திரும்பிக் காருக்குள் ஏறிக்கொண்டார். ஒருவர், இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று ஏதோ முனகினார். அந்தப் பெண்ணோடு ஆபீஸில் வேலை செய்கிறவள் ஒருத்தி அவளைக் கட்டிக்கொண்டாள். திட்டியபோதெல்லாம் நிமிர்ந்து நின்ற பெண்ணுக்கு, அப்போதுதான் குரல் உடைந்தது. அம்மா அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

6

பிறகு அவளுடைய அப்பா வந்தார்.

என் முதல் வரைவில் அவர் கத்தினார். இரண்டாவதில் கையை ஓங்கினார். இரண்டும் எனக்குச் சுலபமாக வந்தன. சுலபமாக வந்ததால்தான் சந்தேகப்பட்டு மறுபடியும் அம்மாவிடம் போனேன்.

நடந்தது இது. கல்யாணத்துக்கென்று உடுத்தியதை அவர் இன்னும் மாற்றியிருக்கவில்லை. மகள் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் கார்க் கதவைப் பிடித்தபடி அது முடியும் வரை நின்றார். பிறகு மெதுவாக வந்து அம்மாவிடம், "நீங்க யாரு?" என்றார்.

"இன்டர்ன் சார்."

அவர் தலையாட்டினார். "இன்னொரு நாற்காலி கிடைக்குமா?"

அம்மா கொண்டுவந்தாள். மகளுக்குப் பக்கத்தில் அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அடுத்த கார் வந்தது. மகள் எழுவதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

"வாங்க. கல்யாணம் இல்ல, என் பொண்ணுக்கு இஷ்டமில்ல. உள்ளே சாப்பாடு தயாரா இருக்கு. நீங்க சாப்பிட்டுத்தான் போகணும்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உள்ளே போனார்கள். அவர் மறுபடி உட்கார்ந்து, மகளின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அந்தப் பெண் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சிரிப்பா அழுகையா என்று அம்மா நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.

7

அம்மாவின் வேலை போகவில்லை. சாயங்காலம் முதலாளி, "நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்துடுங்க ஆன்ட்டி" என்றாள். அவ்வளவுதான். அம்மா இன்றும் போய்க்கொண்டிருக்கிறாள்.

எனக்கு மீதமிருப்பது அந்தக் காதோரத்து வரி ஒன்றுதான்.

'வீட்டுக்குப் போகலாம் வா.' (இது நாடகத்தில் வரும்.) 'என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா.' (இதில் குற்றம் சாட்டுகிற வாடை அடிக்கிறது.) 'எனக்கும் ஆரம்பத்திலேர்ந்தே அந்தப் பையனைப் பிடிக்கல.' (இது ஆறுதலுக்குச் சொல்லும் பொய்.)

மூன்றையும் அம்மாவிடம் படித்துக்காட்டினேன். "அவர் அப்படியெல்லாம் பேசுறவர் இல்ல" என்றாள்.

"நீ அவரைப் பார்த்ததே கொஞ்ச நேரம்தானேம்மா. உனக்கு எப்படித் தெரியும்?"

"நாற்காலி கேட்ட விதத்துல தெரிஞ்சுது."

"அப்போ என்னதான் சொல்லியிருப்பார்?"

"காதுல விழக் கூடாதுன்னுதானே நான் தள்ளிப் போய் நின்னேன். நீயும் தள்ளி நில்லு."

நிற்கிறேன். நான் விட்டிருக்கும் இடம் கீழே இருக்கிறது. அவர் குனிந்து சொன்னார்:

"......................................"

உங்கள் மகளிடம் நீங்கள் சொல்லக்கூடியதை எழுதுங்கள். அல்லது உங்கள் அப்பா உங்களிடம் ஒருநாள் சொல்வார் என்று நீங்கள் காத்திருந்ததை. எழுதியதை எனக்குக் காட்ட வேண்டாம்.