உள்ளே வரலாமா என்று கேட்ட பூனை

இருபத்துமூன்று வருடம் மனைப்பொருளியல் படிப்பித்த என்னிடம் ஒரு பூனையை நடக்க வைக்கச் சொன்னார்கள். உயிருள்ள பூனை என்றால் ஒரு துண்டு கருவாட்டைக் காட்டியே நடக்க வைத்திருப்பேன். இது கணினித் திரையில் நிற்கிற செம்மஞ்சள் பூனை. கருவாட்டுக்கு மசியாது, அதட்டலுக்கும் மசியாது.

விஷயம் இதுதான். எங்கள் பாடசாலையில் என் பாடத்தை எடுக்கிற பிள்ளைகள் ஏழு பேராகக் குறைந்துவிட்டார்கள். ஏழு பேருக்கு ஓர் ஆசிரியர் எதற்கு என்று வலயக் கல்விக் கந்தோர் கேட்டது. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் என்னை மேலதிக ஆசிரியர் பட்டியலில் போட்டு, நெடுந்தீவுக்கு மாற்றப்போவதாகக் கடிதமும் அனுப்பியது. அங்கே இங்கே ஓடித் திரிந்ததில் ஒரே ஒரு வழி சொன்னார்கள். ஆறாம் ஆண்டுக்குக் கணினி படிப்பிக்க ஆள் இல்லை. பத்து நாள் பயிற்சிக்குப் போய், கடைசி நாள் சொந்தமாக ஓர் அசையும் படம் செய்து காட்டிச் சித்தியடைந்தால் எங்கள் ஊரான நீர்வேலியிலேயே இருக்கலாம். தவறினால் திங்கட்கிழமை படகு ஏறி வெள்ளிக்கிழமைதான் வீட்டு வாசலைப் பார்க்கலாம். மகள் இந்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதுகிறாள். எனக்கோ படகு புறப்படுகிற குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றாலே வயிற்றைப் பிரட்டும்.

ஆகவே போனேன். இரண்டு பஸ் மாறி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்கு, ஒரு பாடசாலையின் கணினி அறைக்கு. என்னைப் போலவே வேண்டாதவர்களாகிப்போன பன்னிரண்டு பேர் அங்கே இருந்தோம். சங்கீத ஆசிரியை பெர்னடெட் எனக்குப் பக்கத்துக் கதிரை. பயிற்சி தந்தவள் இன்ஷிரா, சோனகத்தெருப் பிள்ளை, பல்கலைக்கழக வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படித்து முடித்தவள், வயது இருபத்தாறு. அவளுக்குக் கோபமே வராது. அந்தப் பொறுமைதான் முதல் நாளே எனக்கு எரிச்சலை மூட்டியது.

இந்த மென்பொருளில் எழுத்தாக ஒன்றும் எழுத வேண்டியதில்லை என்றாள். நிறம் நிறமான கட்டைகள் திரையின் ஓரத்தில் இருக்கும். ஒவ்வொரு கட்டையும் ஒரு கட்டளை. இழுத்துவந்து ஒன்றின் கீழ் ஒன்றாகப் பூட்டினால் பூனை அந்த ஒழுங்கில் செய்யும். சின்னப்பிள்ளைகளே செய்கிறார்கள் என்றும் சொன்னாள். சின்னப்பிள்ளைகள் செய்யும்தான். அதுகளின் கைப்பையில் இடமாற்றக் கடிதம் இல்லையே.

முதல் நாள் ‘நூறு அடி நகர்’ என்ற கட்டையைப் போட்டேன். பூனை நடக்கவில்லை. ஒரு கண் சிமிட்டலில் இந்தக் கரையில் இருந்தது அந்தக் கரையில் நின்றது. பத்துப் பத்து அடியாகப் போடுங்கோ, ஒவ்வொன்றுக்கும் இடையில் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ என்றாள். பொறுக்கச் சொன்னேன். ஒரு செக்கன் பொறுத்து ஓர் அடி வைத்தது. மதியச் சாப்பாட்டு மணி அடிக்கிறபோதும் அது பாதி வழியைத் தாண்டவில்லை. மூன்றாம் நாள் நடை ஒருமாதிரிச் சரிவந்தது. திரையின் விளிம்பில் முட்டித் திரும்பச் சொன்னால், கால்கள் நாலும் மேலே, தலை கீழே என்று மல்லாந்தபடி திரும்பி வந்தது. பெர்னடெட் சிரிசிரியென்று சிரித்தாள். அவளுடைய பூனை காலையிலிருந்தே காணாமற்போயிருந்தது, சிரிக்கிற நிலைமையில் அவளும் இல்லை. திரும்புகிற விதத்தை மாற்றுவதற்குத் தனியாக ஓர் இடம் உண்டு என்று இன்ஷிரா வந்து காட்டினாள். இதை முதலே சொல்லியிருக்கலாமே என்று பாய்ந்தேன். முதல் நாளே சொன்னதாகச் சொன்னாள். கொப்பியைத் திறந்து பார்த்தேன். என் கையெழுத்திலேயே, அடிக்கோடும் இட்டு, எழுதியிருந்தது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, தள்ளுங்கோ அம்மா, ரண்டு நிமிசத்திலை செய்து தாறன் என்று கையை நீட்டுவாள். அந்தக் கையைத் தட்டிவிடுவேன். கணவர் வாழைத்தோட்டத்தால் வந்து கால் கழுவ முதலே பூனை இன்றைக்கு நடந்ததா என்று கேட்பார். அக்கறையாகக் கேட்கிறாரா நக்கலா என்று இந்த வயதிலும் அவரிடம் கண்டுபிடிக்க முடியவில்லை.

எட்டாம் நாள் என் படம் முழுசாக வந்துவிட்டது. சொல்கிறேன், கேளுங்கள். ஒரு வீடு, ஒரு கதவு. பூனை வீதியால் நடந்து வருகிறது. கதவடியில் நின்று, ‘உள்ளே வரலாமா?’ என்று கேட்கிறது. திரையின் கீழே ஒரு பெட்டி திறக்கும். பார்க்கிறவர் அதில் பதிலைத் தட்டவேண்டும். பதில் ‘ஆம்’ என்றால் கதவு திறக்கும், பூனை உள்ளே போய்ப் பால் குடிக்கும். வேறு என்னவாக இருந்தாலும், ‘நன்றி, போய் வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு மரியாதையாகத் திரும்பிப் போய்விடும். தமிழும் சுத்தமான தமிழ். ஆசிரியை செய்த பூனை கொச்சையாகக் கதைக்கலாமா? நாற்பது முறையாவது ‘ஆம்’ என்று தட்டிப் பார்த்தேன். நாற்பது முறையும் கதவு திறந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, எனக்குத் தலைகால் தெரியாத பெருமை.

கடைசி நாள் உதவிக் கல்விப் பணிப்பாளர் செல்வரட்ணம் வந்தார். ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிற மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர் என்று பெயர். அவர் கொண்டுவந்த விதிமுறையோ கெடுதலான விதிமுறை. படத்தை நாங்கள் ஓட்டிக் காட்டக் கூடாது. அந்தப் பாடசாலையின் ஆறாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று வந்து இருந்து ஓட்டும். அது முடியும்வரை ஆசிரியர் வாய் திறக்கக் கூடாது, கை வைக்கக் கூடாது. பிள்ளை தனியாகச் செய்து முடித்தால் சித்தி.

எனக்கு வந்த பிள்ளையின் பெயர் தாரிகா. இரட்டைப் பின்னல், மெலிந்த உடம்பு. கதிரையின் நுனியில் இருந்தாள். விசைப்பலகையில் தமிழ் எழுத்து ஒட்டியிருந்ததை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு படத்தை ஓடவைக்கிற பச்சைக் கொடியை அமத்தினாள்.

என் பூனை நடந்தது. என்ன அழகாக நடந்தது! கதவடியில் நின்று கேட்டது. தாரிகா வாய்க்குள் ‘உள்ளே வரலாமா’ என்று வாசித்தாள், சிரித்தாள், ஒற்றை விரலால் எழுத்தைத் தேடினாள். முதலில் ‘ஓ’ விழுந்தது. பிறகு ‘ம’. பிறகு புள்ளி.

எங்கள் வாயில் ‘ஆம்’ என்பது ‘ஓம்’தான், என் பூனைக்குத் தெரிந்ததோ ‘ஆம்’ ஒன்றுதான். பூனை, ‘நன்றி, போய் வருகிறேன்’ என்று சொல்லி, நான் பழக்கிய மாதிரியே, கால் கீழும் தலை மேலுமாக அழகாகத் திரும்பி நடந்துபோனது.

தான் ஏதோ பிழையாகத் தட்டிவிட்டதாகப் பிள்ளை நினைத்தாள். மறுபடி கொடியை அமத்தினாள். மறுபடி ‘ஓம்’, இந்த முறை எழுத்துக்கு எழுத்துச் சரிபார்த்து. பூனை போய்விட்டது. மூன்றாம் முறையும் போய்விட்டது. எனக்கோ வாய் திறக்கத் தடை. ஓர் எழுத்து, ஒரே ஓர் எழுத்தைச் சொல்ல விட்டிருந்தால் போதும். தாரிகா திரையைப் பார்த்து, பூனைக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:

“நான் ஓம் எண்டுதானே சொன்னனான்.”

செல்வரட்ணம் குனிந்து திரையைப் பார்த்தார். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. மனிதர் என்னைக் காப்பாற்றவே நினைத்தார், அதில் சந்தேகமில்லை.

“பிள்ளை பிழையாய் எழுதிப்போட்டுது. ஆம் எண்டெல்லோ எழுதவேணும். உங்கடை படத்திலை பிழை இல்லை ரீச்சர், நான் சித்தி எண்டு போடுறன்.”

தாரிகா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடிக்குள் வைத்தாள். தலை குனிந்துவிட்டது. அந்தக் குனிவு எனக்குப் புதிதில்லை. இருபத்துமூன்று வருடமாகப் பிள்ளைகளின் கொப்பியில் ‘ஓம்’ என்று கண்ட இடமெல்லாம் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, ‘ஆம் என எழுதவும்’ என்று பக்கத்தில் எழுதியவள் நான். ஒரு பிள்ளைகூட ஏன் என்று கேட்டதில்லை. இப்படித்தான் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிப் போகும்.

அவருடைய பேனை கடதாசிக்கு மேலே நின்றது. நான் செய்யவேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டு நிற்பது. விதிமுறையும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் அந்தப் பூனை எங்கே நின்று கேட்டது? ஒரு வீட்டுக் கதவடியில் நின்று கேட்டது. இந்த ஊரில் எந்தப் பிறவி கதவடியில் நின்று ‘ஆம், வாருங்கள்’ என்று சொல்லும்? என் வீட்டுப் படலையில் நான் சொல்லியிருக்கிறேனா? வந்த பூனையை உள்ளே வா என்று மூன்று முறை கூப்பிட்ட பிள்ளை பிழை, கூப்பிட்டது விளங்காமல் திரும்பிப்போன பூனை சரி என்றால், பூனையைச் செய்த எனக்கு வெட்கம் இருக்கவேண்டாமா? எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

“இல்லை சேர்,” என்றேன். “பிள்ளை சரியாத்தான் சொன்னது. பூனைக்கு ஓம் விளங்கேல்லை. அது நான் விட்ட பிழை.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் என்ன கதைக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை என்று நினைத்திருப்பார். “உங்கடை பிழை எண்டு எழுதினால் சித்தி தர ஏலாது. எழுதவோ?”

“ஓம். எழுதுங்கோ.”

இன்ஷிரா ஓடிவந்து, திருத்த இரண்டு நிமிடம் தரச்சொல்லிக் கேட்டாள். பத்து நாளில் முதல் தடவையாக அவளுடைய குரல் உயர்ந்ததைக் கேட்டேன். இன்னும் ஏழு பேருடைய படம் பார்க்க இருக்கிறது, பிள்ளை கண்டதைத்தான் எழுதலாம் என்று சொல்லி, எழுதிவிட்டு, செல்வரட்ணம் பெர்னடெட்டின் கணினிக்குப் போய்விட்டார்.

எழுதியானபின் வாய் திறக்கவும் கை வைக்கவும் தடை இல்லைத்தானே. நான் தாரிகாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். ‘அல்லது’ என்று ஒரு கட்டை உண்டு. அதை இழுத்துவந்து பூட்டி, ஒரு பக்கத்தில் ‘ஆம்’, மறுபக்கத்தில் ‘ஓம்’ என்று போட்டேன். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல், ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. இப்ப கூப்பிட்டுப் பாரம்மா என்றேன். தாரிகா நம்பிக்கையில்லாமல் தட்டினாள். கதவு திறந்தது. பூனை உள்ளே போய்ப் பால் குடித்தது. அவள் கதிரையின் நுனியிலிருந்து நன்றாகப் பின்னுக்கு நகர்ந்து இருந்துகொண்டு, இன்னும் நாலு முறை அதைக் கூப்பிட்டுப் பால் கொடுத்தாள். வகுப்புக்குப் போகச்சொல்லி ஆள் வரும்வரை எழும்பவில்லை.

பெர்னடெட் சித்தி. அவளுடைய படத்தில் பூனை பாடுகிறது, கேள்வி ஒன்றும் கேட்பதில்லை. புத்திசாலி.

அடுத்த பயிற்சி ஆவணியில் என்று இன்ஷிரா தொலைபேசியில் அழைத்துச் சொன்னாள். எனக்கு இடமாற்றக் கடிதம் ஆனி முதலாம் திகதிக்கு. வாந்திக் குளிசை வாங்கியாயிற்று. மகள் தன் பாட்டில் சமைக்கப் பழகுகிறாள், சோறு ஒருநாள் குழைகிறது, ஒருநாள் அடிப்பிடிக்கிறது. நான் உடுப்பு அடுக்குகிறபோது வந்து பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாக மடித்துத் தருவாள். அது போதாதென்று கணவர் ஒரு கிழமையாக ஒரே பல்லவி. அந்த மனிதர் தானாகவே சித்தி போட வந்தாராம், நான்தான் வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கொண்டேனாம், பிள்ளை பிழையாக எழுதினது என்று பேசாமல் விட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்குமாம். அவர் சொல்கிற கணக்கில் பிழை ஒன்றும் இல்லை. நினைத்தால் எனக்கும் அழுகைதான் வருகிறது. இன்று காலையும் பையைப் பூட்டமுடியாமல் சிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறபோது அதையே தொடங்கினார். பையை அப்படியே கீழே போட்டேன்.

“எத்தினை தரமப்பா சொல்லுறது,” என்றேன், “அந்தப் பிள்ளை பிழையாய் எழுதேல்லை.”