குடை மட்டும் நின்ற பக்கம்

அப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்ததுமே எட்டிப் பார்த்தேன். என் புத்தகங்களுக்கு நடுவே இரண்டு படி கல்லுப்பு கசிந்து சேறாகக் கிடந்தது. ஏழு வருஷத்துக்கு முன், என் கல்யாணம் முடிந்த கையோடு, பூச்சி அரிக்காமல் இருக்க அவரே அள்ளிப் போட்டாராம். மரக்காணம் உப்பளத்தில் நாற்பது வருஷம் உப்பு வாரிய மனுஷனுக்கு, எதையும் உப்பு காப்பாற்றிவிடும் என்று நினைப்பு.

"ஏம்ப்பா, இது இன்னா கருவாடா?"

"கெட்டுப்போகக் கூடாதுன்னுதாம்மா போட்டேன்" என்றார். அந்த முகத்தைப் பார்த்து எப்படித் திட்டுவது?

அந்தப் புத்தகங்களைத்தான் கடைசியாக நம்பி வந்திருந்தேன். என் மகள் செந்தமிழுக்கு ஐந்து வயது. டிசம்பரில், அந்த ஞாயிற்றுக்கிழமை, மீன் வாங்க என் வீட்டுக்காரரோடு கடற்கரைக்குப் போனாள். சுனாமி அலை வந்தபோது அவர் ஒரு கையில் இவளையும் மறு கையில் தென்னையையும் பிடித்துக்கொண்டு தப்பினார். பெரிய காயம் எதுவுமில்லை. ஆனால் அன்றோடு இவள் பேச்சு நின்றது. நாலு மாசமாக ஆஸ்பத்திரி, மந்திரித்த கயிறு, எல்லாம் பார்த்தாயிற்று. அம்மா என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும் என்று ஏங்கிக் கிடந்தேன்.

எல்லாம் மிருகக் கதைப் புத்தகங்கள். பாண்டி சண்டே மார்க்கெட்டில் அப்பா பழசாக வாங்கி வந்தவை. குடை பிடித்து நடக்கும் கரடி, பல்வலிக்காரப் புலி, வழி தவறிய மான்குட்டி. நான் எழுத்துக் கூட்டிப் படித்ததே கரடியிடம்தான். பசித்தால் புலி அடுத்த பக்கத்து மானைத் தின்றுவிடுமோ என்று பயந்து, சாப்பிடும்போது அதன் வாயில் ஒரு பருக்கை அப்பிவிடுவேன். அதற்காக அம்மாவிடம் வாங்கிய அடி கொஞ்சமில்லை. அவ்வளவு ஆசை அவற்றின் மேல்.

காய வைக்கலாம் என்று உப்பளத்துக் கொட்டகைக்கு எடுத்துப் போனோம். உச்சி வெயில். ஒட்டிக்கொண்ட தாள்களைப் பதமாகப் பிரித்தேன். குடை இருந்தது. அதன் அடியில் கரடி இருந்த இடம் வெள்ளையாக இருந்தது. எதிர்ப் பக்கத்தில் ஒட்டியிருக்குமோ என்று பார்த்தேன், அங்கேயும் இல்லை. அடுத்த புத்தகத்தில் குளமும் புல்லும் அப்படியே இருந்தன, மானைக் காணோம். புலியையும் காணோம்.

"சாயம் உப்புல கரைஞ்சிருக்கும்" என்றார் அப்பா. அப்படியானால் குடையும் புல்லும் மட்டும் ஏன் கரையவில்லை?

செந்தமிழ் அந்த வெள்ளையில் விரலை வைத்தாள்.

"போயிடுச்சு."

கரகரத்த குரல். அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டு சிரித்தேன், அழுதேன். அப்பா இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டார்.

"எங்க கண்ணு போச்சு?"

"மேட்டுக்கு. எல்லாம் போயிடுச்சு." பிறகு என் காதருகே சொன்னாள்: "அன்னிக்கும் நாய், ஆடு எல்லாம் ஓடுச்சும்மா. அப்பாகிட்ட சொன்னேன். மீன் வாங்கிட்டுப் போலாம்னாரு."

சொல்லியும் யாரும் கேட்காததால் அல்லவா வாயை மூடிக்கொண்டாள். இப்போது மறுபடி சொல்கிறாள்.

"கொழந்த பேசிடுச்சு, அது போதும்" என்று அப்பா உப்பு வாரும் பலகையோடு பாத்திக்குள் இறங்கினார். நான் வெளியே பார்த்தேன். இந்த நேரத்தில் பாத்தி வரப்பெல்லாம் கொக்கும் உள்ளான் குருவியுமாக நிற்கும். கண்ணுக்கு எட்டியவரை ஒன்றுகூட இல்லை. காக்கைச் சத்தமும் இல்லை.

அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"அப்பா, வா, மேட்டுக்குப் போலாம்."

"உனக்கு இன்னா கிறுக்கா புடிச்சிருக்குது?"

நான் நிற்கவில்லை. செருப்பைக்கூடத் தேடாமல் வரப்பில் ஓடினேன். மேடேறித் திரும்பியபோது அத்தனை வெள்ளை வெளிக்கும் நடுவில் அப்பா ஒருவர்தான் இருந்தார். பலகையைக் கீழே போட்டுவிட்டு, கடல் பக்கம் பார்த்தபடி, அசையாமல் நின்றிருந்தார்.