கப்பல் சமையல்காரரின் தங்கை

அமைச்சர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அந்தக் கப்பல் சின்ன விஷயம். அதை இப்போ இழுக்க வேணாம்" என்றார். அவருக்கும் ஒரு வல்லரசின் தூதருக்கும் நடுவே, சற்றுப் பின்தள்ளிப் போட்ட நாற்காலியில் இருந்த மொழிபெயர்க்கும் பெண் அதை அப்படியே தூதரின் மொழியில் சொன்னாள். "வாயை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவ" என்று அண்ணன் அவளைக் கேலி செய்வான்.

அந்தக் கப்பலில் சமைப்பவன் அந்த அண்ணன்தான். நாட்டின் துறைமுகத்தை இன்னொரு வல்லரசுக்குக் கொடுக்கப்போவதாக அமைச்சர் அறிவித்த வாரமே, இந்த வல்லரசு தன் கடலோரம் போன அந்தச் சரக்குக் கப்பலை மாலுமிகளோடு பிடித்து வைத்தது. பாதுகாப்புச் சோதனையாம். அதற்குமுன் இதே அறையில் இதே இருவரும் "உயிர் நட்பு" என்று கட்டிக்கொண்டபோதும் மொழிபெயர்த்தது அவள்தான். அண்ணன் கப்பலில் இருப்பதை அவள் அலுவலகத்தில் சொல்லவில்லை. சொன்னால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். உள்ளே இருந்தால் நல்ல செய்தியை முதலில் கேட்கலாம் என்று நம்பினாள். மாதக்கணக்காக அலையும் அண்ணிக்கு எந்த அலுவலகமும் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை.

துறைமுக ஒப்பந்தத்தை நிறுத்தினால் கப்பலை உடனே விடுவதாகத் தூதர் சொன்னார். அமைச்சர் செயலாளரின் பக்கம் சாய்ந்தார்.

"இருக்கட்டும். அவனுங்க உள்ள இருக்கற வரைக்கும் உலகம் நம்ம பக்கம் பேசும்."

இதைச் சொல்ல வேண்டாம் என்று அவளுக்குக் கைகாட்டினார். பிடித்தவனுக்கும் அந்த மாலுமிகள் பணயம், பறிகொடுத்தவனுக்கும் பணயம்.

மாலுமிகளின் குடும்பங்கள் என்ன சொல்கின்றன என்று தூதர் மரியாதைக்குக் கேட்டார்.

"எல்லாருக்கும் விளக்கமா சொல்லிட்டோம். நாட்டுக்காகன்னு புரிஞ்சுக்கிட்டாங்க" என்றார் அமைச்சர்.

தூதர் அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். அவள் அமைச்சரின் பக்கம் திரும்பினாள்.

"எங்க வீட்டுக்கு யாரும் எதுவும் சொல்லல, சார். அதுல சமைக்கறவரு என் அண்ணன்."

அடுத்து அதையே தூதரின் மொழியில் சொன்னாள். அந்த மொழியில் அண்ணனுக்குத் தனிச்சொல் கிடையாது. "என்னைத் தூக்கி வளர்த்தவன்" என்று சேர்த்துக்கொண்டாள். கடைசியில், தூதருக்குச் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வரியையும் சொல்லிவிட்டாள்.

செயலாளர் அவள் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். தூதர் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அமைச்சகத்தின் வெளிப்படியில் உட்கார்ந்து அண்ணிக்குப் போன் செய்து, கேட்டதை ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்தப் பக்கம் மூச்சிரைப்பு கேட்டது.

"அழறீங்களா அண்ணி?"

"இல்லம்மா, செருப்பு மாட்டறேன். நீ அங்கேயே இரு. மத்த வீட்டுக்காரங்களையும் கூட்டிக்கிட்டு வர்றேன்."

வெயில் இறங்கும்போது தெருமுனையில் அவர்கள் தெரிந்தார்கள். பெண்களும் வயதானவர்களும், ஒரு பெண்ணின் தோளில் தூங்கும் குழந்தையும். அவசரமில்லாமல், சாலையின் அகலம் முழுக்க நடந்து வந்தார்கள். வாசல் காவலர் எழுந்து இரும்புக் கதவின் ஒரு பாதியைச் சாத்தினார். மறுபாதியைப் பிடித்தபடி, கூட்டத்தில் யாரையோ அடையாளம் கண்டவர்போல அப்படியே நின்றார்.